பழம்புடவையும் ஒரு முழ நூலும்: மனம் கலங்கிய நாட்களில் கைத்தையல் தொடங்குவோருக்கு

2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயலின் மழை நின்ற பிறகும் எங்கள் வேளச்சேரித் தெருவில் தண்ணீர் வடியவில்லை, மின்சாரமும் திரும்பவில்லை. தரைத்தளத்திலிருந்து அவசர அவசரமாக மாடிக்கு ஏற்றிய மூட்டைகளுக்கு நடுவே அத்தையும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மூட்டையில், நனையாமல் தப்பிய பருத்திப் புடவைகள் இரண்டு இருந்தன; வெளுத்து, முந்தானை நைந்து, இனி உடுத்த முடியாதவை. வெளிச்சம் இருக்கும்வரை ஏதாவது செய்யலாமே என்று அத்தைதான் ஊசி கேட்டார். தண்ணீர் வடிந்து நாங்கள் கீழே இறங்கியபோது அந்த விரிப்பு கால்வாசிகூட முடிந்திருக்கவில்லை. ஆனால், கைபேசியில் இன்னும் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பழக்கம் இரண்டாம் நாளே என்னை விட்டுப் போயிருந்தது.

ரவிக்கைக்கு ஹூக் வைப்பதைத் தவிர வேறெதற்கும் ஊசியைத் தொட்டிராதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். செய்யப்போவது ஒன்றே ஒன்றுதான்: பழைய புடவையை மூன்று அடுக்காக விரித்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் ஓட்டுத் தையலால் இணைத்து, ஒரு சிறிய விரிப்பாக்குவது. வங்காளத்துப் பெண்கள் காந்தா என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதைத்தான். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலைக் கொண்டே தைப்பதும் அவர்கள் வழக்கம். நம் வீடுகளில் பழம்புடவை தூளியாகும், பிறந்த குழந்தையைச் சுற்றும் துணியாகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும். அந்தக் கடைசி நிலைக்குப் போவதற்கு முன் இன்னொரு பயன் இருக்கிறது, அவ்வளவுதான்.

தைத்தால் கவலை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பின்னல் வேலை செய்பவர்கள் 3,500-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுபவர்களே அதிகம் அமைதியாக உணர்வதாகத் தெரிவித்திருந்தார்கள். பின்னுவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ளவர்களிடம் கேட்டுப் பெற்ற பதில் அது என்பதையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் இதன் பயன் எளிமையான ஒன்று. காலையில் துலக்கிய பாத்திரம் மாலைக்குள் மறுபடியும் தொட்டியில் கிடக்கும், வைத்த குழம்பு இரவுக்குள் தீர்ந்துவிடும், பெருக்கிய கூடத்தில் மறுநாளும் தூசி படியும். நேற்று ஓட்டிய ஒரு வரிசைத் தையல் மட்டும் இன்றும் அதே இடத்தில் இருக்கும். வீட்டு வேலையிலேயே நாளைக் கழிப்பவளுக்கு, தான் செய்தது மறுநாளும் அழியாமல் இருப்பதைக் காண்பது அரிதாகக் கிடைக்கும் ஆறுதல். தவிர, இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் கைபேசியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் இப்போது தெருவுக்கு ஓர் ஆரி வகுப்பு, அதாவது கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை வகுப்பு, இருக்கிறது. நல்ல தொழில்தான்; கல்யாண ரவிக்கை ஒன்றுக்குக் கிடைக்கும் கூலியும் குறைவில்லை. ஆனால் மனம் நொந்திருக்கும் நேரத்தில் கட்டணம், சட்டகம், ஆர்டர், முகூர்த்த நாளுக்குள் முடித்தாக வேண்டிய கெடு என்று இன்னொரு நெருக்கடியை விலைகொடுத்து வாங்க வேண்டாம். விற்பதற்காகத் தைப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

வாங்க வேண்டியவை மிகக் குறைவு

ஊசி, நூல், சிறிய கத்தரி ஆகிய மூன்றும் போதும். எந்தத் தெருமுனைத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். பாரிமுனைச் சந்துகளில் மொத்த விலைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மெட்ரோவில் உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் முதல் விரிப்புக்கு அவ்வளவு தூரம் போனால், தேவையில்லாத ஜரிகையும் மணியும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவோம் என்பதும் உண்மை.

ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். பூத்தையல் ஊசியில் 7 அல்லது 8-ஆம் எண் மூன்றடுக்குப் பருத்தித் துணிக்குப் பொருந்தும். அதன் காது சற்று நீளமாக இருப்பதால் கோப்பதும் எளிது. நூலுக்கு ஆங்கர் போன்ற பூத்தையல் நூல்கண்டு ஏற்றது. ஒரு கண்டில் 8 மீட்டர் நூல் இருக்கும். அந்த நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. அதில் இரண்டிழையைப் பிரித்துத் தைத்தால் ஒரு கண்டு 24 மீட்டருக்கு வரும். கீழே சொல்லும் அளவிலான விரிப்புக்கு நான்கு கண்டுகள் வேண்டும். ஐந்தாக வாங்கிக்கொள்வது நல்லது. இழைகளைப் பிரிக்கும்போது இரண்டையும் சேர்த்து இழுக்காமல், ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும்; சேர்த்து இழுத்தால் மிச்ச நூல் முழுவதும் சிக்கலாகிவிடும்.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை. நான் முதன்முதலில், ஒரு கடையில் சாயம் போகவே போகாது என்று அடித்துச் சொன்ன மலிவான சிவப்பு நூலை வாங்கி, வெள்ளைப் புடவையில் ஆசையாகத் தைத்தேன். முதல் சலவையில் ஒவ்வொரு தையலைச் சுற்றியும் இளஞ்சிவப்புக் கறை படர்ந்து, துணி அம்மை போட்டது போலாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த அடர்நிற நூலையும் ஒரு துண்டு வெட்டி, ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்காமல் ஊசியில் கோப்பதில்லை.

துணியைத் தேர்ந்தெடுப்பது

பருத்திப் புடவைதான் வேண்டும். சுங்குடி, வெங்கடகிரி என எதுவாயினும் பலமுறை துவைத்து மெலிந்ததாக இருந்தால் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும். பாலியஸ்டர் கலந்ததா என்று ஐயம் இருந்தால், ஓரத்திலிருந்து நான்கு இழைகளை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகி, கெட்டியான உருண்டையாகத் திரளும். கலப்புத் துணி சென்னை வெயிலுக்கு உடம்பில் ஒட்டும், ஊசிக்கும் வழிவிடாது, அதை ஒதுக்கிவிடலாம்.

தேர்ந்தெடுத்த புடவையின் ஃபால்ஸைப் பிரித்து எடுத்துவிட்டு, இரவு முழுவதும் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அலச வேண்டும். நம் வீட்டுப் புடவைகளில் ஆண்டுக்கணக்கில் போட்ட கஞ்சி தங்கியிருக்கும். அது போகாவிட்டால் விரல்தான் நோகும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாயம் ஓடும் துணியை வெளிர்நிறத் துணியோடு சேர்க்காமல் இருப்பதே வழி.

காய்ந்ததும் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால், இழை விட்டுப்போன இடங்களில் வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். அந்தப் பகுதிகளைத் தவிர்த்துவிட வேண்டும். ஆறு கஜத்தில் நல்ல பகுதியாக இரண்டரை கஜம் கிடைத்தால் போதும்: முப்பது அங்குலம் நீளத்தில் மூன்று துண்டுகள், அகலம் புடவையின் முழு அகலம், அதாவது ஏறத்தாழ 45 அங்குலம். கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்துக் கிழிப்பதுதான் நேரான முறை. பருத்தி இழை ஓடும் வழியிலேயே கிழியும். அந்தச் சத்தத்தில் ஒரு சுகம் இருக்கிறது. கோபமாக இருக்கும் நாளுக்கென்று இந்த வேலையைத் தள்ளிவைத்திருந்தாலும் தவறில்லை.

அடுக்குவதும் நிறுத்தி வைப்பதும்

கூடத்துத் தரையைத் துடைத்து உலரவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூன்று துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, சுருக்கம் நீங்க நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவி விரிக்க வேண்டும். நைந்த துண்டை நடுவில் வைத்து, உறுதியானவற்றை மேலும் கீழும் வைப்பது நல்லது. நான்கு மூலைகளிலும் பருப்பு டப்பாவையோ இடிகல்லையோ பாரமாக வைத்துக்கொள்ளலாம். பிறகு கண்ணுக்குத் தெரியும் வேற்று நிறச் சாதாரணத் தையல் நூலால், இரண்டு அங்குல நீளமுள்ள பெரிய பெரிய தையல்களாக, நான்கு விரற்கடை இடைவெளிவிட்டுத் துணி முழுவதும் தற்காலிகமாகத் தைத்துவிட வேண்டும். இதுவும் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பி நிற்கும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் விட்டவர்கள் பத்தாவது வரிசையில் மூன்று அடுக்கும் மூன்று திசையில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊசி கோத்து ஓட்டுவது

நூல் ஒரு முழம், அதாவது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்தால் போதும். அதைவிட நீளமாக எடுத்தால் அடிக்கடி கோக்க வேண்டாமே என்றுதான் யாருக்கும் தோன்றும்; ஆனால் நீள நூல் முடிச்சு விழும், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தோள் வலிக்கும், துணியில் உரசி உரசி இழை பிசிறாகும். ஒரு முழ நூலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 45 அங்குல வரிசை ஒன்றுக்கு மூன்று நான்கு முறை கோக்க வேண்டியிருக்கும்; அந்த ஒவ்வொரு முறையும் கண்ணுக்கும் கழுத்துக்கும் தானாகவே ஓய்வு கிடைக்கும்.

எனக்குக் கோக்கக் கற்றுக்கொடுத்தது அந்த மழை நாளில் அத்தைதான். நான் நூலை எச்சில் தொட்டு, ஊசிக்காதை நோக்கி நீட்டி நீட்டித் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். "நூலை ஊசிகிட்ட கொண்டு போகாதே, நூல் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலே, மயிரிழை அளவு மட்டும் தெரியற மாதிரி இறுக்கிப் பிடிச்சுக்கோ, ஊசியை அது மேலே கொண்டு வந்து இறக்கு" என்றார். சொன்னபடி செய்ததும் முதல் முறையிலேயே இறங்கிவிட்டது. கத்தரியால் சாய்வாக வெட்டிய நுனியாக இருந்தால் இன்னும் எளிது.

நூல் நுனியில் சிறு முடிச்சிட்டு, மேல் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஊசியை நுழைத்து, தொடங்க வேண்டிய இடத்தில் வெளியே எடுத்து, மெல்லச் சுண்டி இழுத்தால் முடிச்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பிறகு ஊசியைத் துணியில் மேலும் கீழுமாக இறக்கி ஏற்றி, நான்கைந்து தையல்களை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு ஒருசேர இழுக்க வேண்டும். தையல் ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம், தையலுக்கும் தையலுக்கும் நடுவே அதே அளவு அல்லது சற்றுக் குறைந்த இடைவெளி. அடியில் இடக்கை விரல் நுனியில் ஊசிமுனை மெல்லத் தொட்டுப்போவது தெரிந்தால்தான் மூன்றாவது அடுக்கும் தைபட்டிருக்கிறது என்று பொருள். இறுக்கி இழுக்கக் கூடாது; இழுத்ததும் துணியைத் தட்டையாக ஒருமுறை நீவிவிட வேண்டும். நடு வரிசையில் தொடங்கி, அரை அங்குலத்திற்கு ஒரு வரிசையாக இருபுறமும் போனால் மொத்தம் அறுபது வரிசைகள் வரும். நாளுக்கு ஒரு வரிசை என்றால் இரண்டு மாதம். இரண்டே வாரத்தில் முடிக்க வேண்டும் என்ற வேகம் வந்தால், அதுவும் ஒரு வீட்டு வேலையாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

வரிசை கோணினால் பிரிக்கக் கூடாது. முதல் விரிப்புக்கு நான் வைத்திருக்கும் ஒரே கண்டிப்பான விதி இது. மனம் சரியில்லாத நாளில் தைத்த வரிசை எது என்று பிறகு பார்த்தாலே தெரியும், தெரிந்தால் தெரியட்டும்.

மே மாதத்தில் கை வியர்த்து ஊசி வழுக்கும். விரலில் சிறிது பவுடர் தடவிக்கொள்ளலாம். கடற்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் துடைத்து வைக்க வேண்டும். நம் பாட்டிகள் ஊசியை எண்ணெய் தேய்த்த தலைமுடியில் ஒருமுறை உரசிக்கொள்வது சும்மா பழக்கத்தால் அன்று. அந்தத் துளி எண்ணெயால் ஊசி வழுக்கிக்கொண்டு ஓடும், துருவும் அண்டாது. உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தோம், எழுந்திருக்கும்போது எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது கட்டாயம். குழந்தை இருக்கும் வீட்டில் இதற்கு விலக்கே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் நடுவிரலில் மாட்டும் உலோகத் தொப்பியைப் பயன்படுத்தி, ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த நேரம், எந்த இடம்

பகல் வெளிச்சத்தில், சன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் இடப்புறமிருந்து விழும்படி உட்கார வேண்டும். இடக்கையால் தைப்பவர்களுக்கு வலப்புறம். முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் தலையணை வைத்து, துணியைக் கண்ணுக்கு அருகே உயர்த்திக்கொள்ள வேண்டும். கழுத்தைத் துணிக்குத் தாழ்த்தக் கூடாது. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது அடி தள்ளியிருக்கும் எதிர்வீட்டு மாடியையோ வேப்பமரத்தையோ இருபது விநாடி பார்த்துவிட்டுத் தொடரலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஊசிக்காது தெரியவில்லை என்று விளக்கைக் குறை சொல்வதைவிடக் கண்ணாடிக்குச் சோதித்துக்கொள்வது நல்லது. விரல்கள் மரத்துப்போனால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேரத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் வீடுகளில் ஒரு பெண் வெறுமனே உட்கார்ந்திருந்தால், என்ன உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். கையில் ஊசி இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. உட்காருவதற்கே ஓர் அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது, அந்தச் சீட்டும் ஒரு வேலையாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்பது நியாயமில்லை. ஆனாலும் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் சொல்வேன். சாப்பாட்டுக் கடை ஒழிந்த பிறகு மூன்று மணியிலிருந்து அரைமணி நேரம் என்று வீட்டில் அறிவித்துவிட்டு உட்காருங்கள். ஊசியோடு உட்கார்ந்ததும், இதில் பட்டன் போச்சு, இந்தப் பேண்டைக் கொஞ்சம் மடித்துத் தை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். அவற்றுக்குத் தனிப் பை, தனி நாள். விரிப்பு இருக்கும் பையில் அவை நுழையக் கூடாது.

பதற்றம் மிகுந்த நாட்களுக்குக் கோலம்

ஓட்டுத் தையல் சோர்வுக்கு நல்லது. பதற்றத்திற்கு எப்போதும் ஒத்துவருவதில்லை என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பழகிய கையை விட்டுவிட்டு மனம் தன் வழியில் கவலைகளை மென்றுகொண்டே போகும். மருத்துவமனை முடிவுக்காகக் காத்திருந்த ஒரு வாரத்தில், நாற்பது நிமிடம் தைத்துவிட்டு, தொடங்கியதைவிட அதிகக் கலக்கத்தோடு எழுந்தேன். அத்தகைய நாட்களுக்கு எண்ண வேண்டிய தையல் தேவை.

விரிப்பின் ஒரு மூலையில், ஒன்று, மூன்று, ஒன்று என்று ஐந்து புள்ளிகளை இரண்டு அங்குல இடைவெளியில் பென்சிலால் வைத்து, அவற்றைச் சுற்றிச் சிக்குக் கோலம் வரைந்துகொள்ள வேண்டும். இந்தச் சிறிய கோலம் ஒரே கோடாகச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேரும் என்பதால் நூலை எங்கும் தாண்ட வேண்டியதில்லை. கோட்டின்மேல் பின் தையல் போட வேண்டும்: ஒரு தையல் நீளம் முன்னே ஊசியை வெளியே எடுத்து, முந்தைய தையல் முடிந்த துளைக்கே திரும்பி வந்து இறக்கி, அடியில் இரண்டு தையல் நீளம் கடந்து மறுபடியும் வெளியே எடுப்பது. ஒவ்வொரு வளைவுக்கும் இத்தனை தையல் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, எண்ணிக்கொண்டே போக வேண்டும். எண்ணிக்கை தவறினால், மனம் எங்கோ போய்விட்டது என்று தெரியும்; வருத்தப்படாமல் ஒன்றிலிருந்து தொடரலாம்.

நான்கு பேர் சேர்ந்து மொட்டை மாடியில் ஐந்து மணிக்கு மேல் தைப்பது இன்னொரு வழி. கண்கள் துணியில் இருப்பதால், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையும் பெண்கள் சொல்லிவிடுவார்கள். எங்கள் குடியிருப்பில் பல ஆண்டுகள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் ஒருவர் கஷ்டத்தை மற்றவர் அறிந்தது அப்படித்தான். அங்கே கேட்டது படியிறங்கக் கூடாது. கேட்காமல் அறிவுரை கூறக் கூடாது. தையலைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொள்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கம் இல்லாமலோ, சாப்பாடு இறங்காமலோ, எதிலும் நாட்டமின்றியோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணத்தோடோ இருந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இரண்டு வாரம் என்ற கணக்கும் வேண்டாம், அன்றே பேச வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அடி உதையோ மிரட்டலோதான் காரணம் என்றால் பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது. அதைத் தையலால் பொறுத்துக்கொள்ளப் பழகுவது தவறு.

ஓரம் கட்டி முடிப்பது

அறுபது வரிசையும் முடிந்ததும் தற்காலிக நூல்களை உருவிவிட்டு, நான்கு ஓரங்களையும் கத்தரியால் சமன்செய்ய வேண்டும். புடவையின் கரையை இரண்டங்குல அகலப் பட்டையாக எடுத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஓரத்தை அதற்குள் சொருகி, இருபுறமும் உள்மடிப்பு வைத்து, மடிப்பின் ஓரத்தைச் சிறு சிறு தையலால் துணியோடு பிடித்து ஹெம்மிங் செய்தால் பிசிறு வெளியே தெரியாது. மூலைகளில் பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால் போதும். சாய்வாக வெட்டி இணைக்கும் வித்தை இரண்டாவது விரிப்புக்கு இருக்கட்டும்.

முதல் சலவையைத் தனியாக, கையால், முறுக்கிப் பிழியாமல் செய்து நிழலில் உலர்த்த வேண்டும். துவைத்து எடுத்ததும் துணி சற்றே சுருங்கித் தையல்களுக்கு நடுவே அலையலையாக எழும்பும். கெட்டுவிட்டதோ என்று இஸ்திரி போட்டுவிடாதீர்கள். அந்தச் சுருக்கத்தில்தான் மென்மை இருக்கிறது. எங்கள் மழைநாள் விரிப்பு இப்போது அத்தையின் சாய்வு நாற்காலியில் கிடக்கிறது, ஒரு மூலையில் ஏழு வரிசைகள் நன்றாகக் கோணிக்கொண்டு.